தூணின் முகமும் முதுகும்: ஓடும் நீர் தடையைச் சந்திக்கும் இடம்

கொள்ளிடத்தில் வெள்ளம் நிறைந்து ஓடும் நாளில் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது, தூணுக்குப் பின்னால் சுழித்துக்கொண்டு போகும் நீர்தான். தூணின் முன்பக்கத்தில் நீர் சற்று மேலெழும்பி நிற்கிறது. இரு தோள்களிலும் வழுக்கி இறங்கி வேகமெடுக்கிறது. பின்பக்கம் வந்ததும் ஒழுங்கு குலைந்து, இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழிகளாக உருண்டு போகிறது. தூணைச் சாய்ப்பவை அந்தச் சுழிகளே என்று நினைப்பது இயல்பு. 1928-இல் கட்டப்பட்ட திருச்சி கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சில 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இறங்கிச் சரிந்தபோதும் கரையில் நின்றவர்கள் கண்டது மேற்பரப்பில் நடந்ததை மட்டுமே. ஆற்றுப் படுகையில் நிற்கும் தூணுக்குப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாத வேறோர் இடத்தில், அதாவது முன்பக்கத்து அடிவாரத்தில் தொடங்குகிறது. தூண் ஒன்றுதான் என்றாலும் அது எழுப்பும் கொந்தளிப்பு இரண்டு வகைப்பட்டது. முதுகில் எழுவது ஒன்று, காலடியில் எழுவது மற்றொன்று. தூணின் வடிவம் இவ்விரண்டையும் ஒரே விதமாக மாற்றுவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால், எந்த வடிவம் நல்லது என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடைக்காததன் காரணமும் விளங்கும்.

முதலில் முதுகுப் பக்கத்தைப் பார்க்கலாம். தடை ஒன்று எதிரே நிற்பதை ஓடிவரும் நீர் அதன்மீது மோதிய பிறகுதான் அறிகிறது என்று எண்ணிவிடக் கூடாது. அழுத்தத்தின் வழியாக அந்தச் செய்தி எதிர்த்திசையிலும் பரவுகிறது. உராய்வே இல்லாத இலட்சியப் பாய்மத்துக்கான (நீரும் காற்றும் போல ஓடும் பொருளே பாய்மம்) கணக்கின்படி, வட்டத் தூணின் முன்முகத்துக்கு ஒரு விட்ட அளவு தூரம் முன்பே, நடுக்கோட்டில் வரும் நீர் தன் வேகத்தில் ஒன்பதில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. முன்முகத்தைத் தொடும் இடத்தில் வேகம் சுழியமாகி, அந்த இயக்க ஆற்றல் முழுவதும் அழுத்தமாக மாறுகிறது. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும் வெள்ளம் தூணின் முன்னால் ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்க முடிவதற்கு இதுவே காரணம். பக்கவாட்டில் அதே நீர் விரைந்து, வட்டத் தூணின் தோளில் தொடக்க வேகத்தைப் போல் இரு மடங்கை எட்டுகிறது. பிறகு பின்பக்கம் போய், இழந்த அழுத்தத்தை மீட்டுக்கொண்டு, எதுவுமே நடக்காதது போல ஒன்று சேர்ந்து ஓட வேண்டும். ஆனால் அப்படி ஓடினால் முன்னும் பின்னும் அழுத்தம் சமமாகி, தூணின்மீது விசையே இருக்காது. பிரெஞ்சுக் கணித அறிஞர் தலாம்பேர் 1752-இல் வெளியிட்ட நூலில் வந்தடைந்த முடிவு இதுதான். வெள்ளத்தில் இறங்கி நின்ற எவருக்கும் இது பொய்யென்று தெரியும், கணக்கிலோ பிழையில்லை. இந்த முரண் ஒன்றரை நூற்றாண்டு காலம் தீராமல் கிடந்தது.

அதைத் தீர்த்தவர் ஜெர்மானியப் பாய்மவியல் அறிஞர் லுட்விக் பிராண்டல். 1904-இல் ஹைடல்பர்க் நகரில் கூடிய கணித மாநாட்டில் அவர் வாசித்த சிறிய கட்டுரை, பொருளின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய படலத்தின்மீது கவனத்தைத் திருப்பியது. எல்லை அடுக்கு என்று நாம் சொல்லும் இந்தப் படலத்தில், மேற்பரப்பைத் தொடும் நீர் அசையாமல் ஒட்டி நிற்கிறது. சற்றுத் தள்ளியுள்ள நீர் மெதுவாக ஓடுகிறது. படலத்துக்கு வெளியேதான் முழு வேகம் கிடைக்கிறது. பள்ளத்தில் இறங்கும் சைக்கிளை மிதிக்காமலே விட்டால், இறங்கும்போது பெற்ற வேகத்தைக் கொண்டு எதிர்மேட்டின் உச்சிவரை ஏறிவிடலாம் என்பது உராய்வு இல்லாத உலகத்துக் கணக்கு. உராய்வு வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுவதால் சைக்கிள் பாதி மேட்டிலேயே நின்று பின்னோக்கி உருளத் தொடங்கும். எல்லை அடுக்கின் நிலையும் அதுவே. தூணின் முன்பாதியில் அழுத்தம் குறைந்துகொண்டே போவதால் நீர் பள்ளத்தில் இறங்குவது போல எளிதாகப் போகிறது. பின்பாதியில் அழுத்தம் ஏறுவதால் மேடேற வேண்டியிருக்கிறது. வேகம் வற்றிய படல நீரால் ஏற முடியாமல், நின்று, திரும்பி, வெளி ஓட்டத்தை மேற்பரப்பிலிருந்து பெயர்த்துவிடுகிறது. ஓட்டம் பெயரும் இந்த இடம்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பெயர்ந்த ஓட்டத்துக்கும் தூணுக்கும் நடுவே தாழ்ந்த அழுத்தமுள்ள ஒரு பின்தடம் உருவாகிறது. அது அகலமாக இருந்தால் தூணின்மீது இழுவிசை அதிகம், கொந்தளிப்பும் அதிகம். ஒடுங்கியிருந்தால் இரண்டுமே குறைவு.

வடிவத்தின் பங்கு இங்கேதான் வருகிறது. சதுரத் தூணில் ஓட்டம் முன்மூலையின் கூரிய விளிம்பிலேயே பெயர்ந்துவிடுகிறது. அவ்வளவு சடுதியான திருப்பத்தை எந்தப் பாய்மமும் தொடர முடியாது என்பதால், நீர் வேகமாக வந்தாலும் மெதுவாக வந்தாலும் பெயரும் இடம் பெரும்பாலும் அதுவேதான். வட்டத் தூணில் அப்படி நிலையான இடம் எதுவும் கிடையாது. வளைவின் எந்தப் புள்ளியில் பெயர்வது என்பது வேகத்தையும் பரப்பின் சொரசொரப்பையும் பொறுத்து மாறுகிறது. மீனைப் போல முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் நீண்டு மெல்லக் கூம்பும் வடிவத்திலோ, அழுத்தம் நெடுந்தொலைவுக்குச் சிறிது சிறிதாக ஏறுவதால் ஓட்டம் கிட்டத்தட்ட வால் நுனிவரை ஒட்டியே போகிறது. அகலமும் வேகமும் ஒன்றாக இருக்கும்போது வடிவத்தால் இழுவிசை எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் எண்ணே இழுவிசைக் கெழு; நீண்ட தூண்களில் அது சதுரத்துக்கு ஏறத்தாழ 2, வட்டத்துக்கு 1.2, நன்கு செதுக்கிய மீன் வடிவத்துக்கு 0.1-க்கும் கீழ். மெல்லிய உருண்டைக் கம்பி ஒன்றும், அதைப் போல் பத்து மடங்கு தடிமனான மீன் வடிவத் தண்டு ஒன்றும் காற்றில் ஏறக்குறைய ஒரே அளவு இழுவிசையை ஏற்படுத்துகின்றன என்பது, இறக்கைகளைக் கம்பியால் இழுத்துக் கட்டிய தொடக்க கால விமானங்களின் வடிவமைப்பாளர்களைத் திடுக்கிட வைத்த உண்மை. காற்றையோ நீரையோ கிழிக்கக் கூரிய முகம் வேண்டும் என்பது கத்தியைப் பார்த்துப் பழகிய நம் கண்ணின் கணிப்பு. பாய்மத்துக்குக் கிழிபடுவதில் சிரமமே இல்லை. பிரிந்தபின் மீண்டும் சேர்வதில்தான் அதற்குச் சிரமம்.

பெயர்ந்த ஓட்டம் உடனே கொந்தளிப்பாகிவிடுவதும் இல்லை. வட்டத் தூணைச் சுற்றி மிக மெதுவாக ஓடும் நீர் இரண்டு பக்கமும் வளைந்து அமைதியாகச் சேர்ந்துகொள்கிறது. வேகத்தைத் தூணின் விட்டத்தால் பெருக்கி, பாய்மத்தின் பாகுநிலையை, அதாவது பிசுபிசுப்பை, கணக்கில் கொண்டு பெறும் ரெனால்ட்ஸ் எண் 40-ஐ ஒட்டி உயரும்வரை, பின்னால் ஒரு சோடிச் சுழல்கள் இடம் பெயராமல் நிற்கும். அதற்குமேல் அவை நிலைகொள்ளாமல், இடமும் வலமுமாக மாறி மாறிக் கழன்று வரிசையாகச் செல்லத் தொடங்குகின்றன. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிராண்டலின் மாணவர் ஹீமென்ஸ் நீர்க்கால்வாயில் உருளையை வைத்து அழுத்தத்தை அளக்க முயன்றபோது ஓட்டம் ஓயாமல் ஆடிக்கொண்டே இருந்தது. உருளை சரியான வட்டமாக இல்லை என்று முதலிலும், கால்வாய் சமச்சீராக இல்லை என்று பிறகும் காரணம் சொல்லித் திருத்திப் பார்த்தும் ஆட்டம் நிற்கவில்லை. அருகிலிருந்து இதைக் கவனித்த தியடோர் ஃபோன் கார்மன், ஆட்டம் கருவியின் குறை இல்லை, ஓட்டத்தின் இயல்பே அதுதான் என்று கருதி, 1911-இல் அந்தச் சுழல் வரிசையின் நிலைத்தன்மைக்குக் கணக்கு எழுதினார். அதற்கும் முன்பே, 1878-இல், காற்றில் கம்பி ஏன் பாடுகிறது என்று ஆராய்ந்த ஸ்ட்ரௌஹால், சுருதி காற்றின் வேகத்தோடு ஏறுவதையும் கம்பியின் தடிமனோடு இறங்குவதையும் கண்டிருந்தார். வட்ட வெட்டு கொண்ட கம்பிக்கு, வேகத்தை விட்டத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால் அதிர்வெண் கிடைக்கும். நொடிக்கு 10 மீட்டர் காற்றில் ஒரு சென்டிமீட்டர் தடிமனான கம்பிக்கு இது நொடிக்கு 200 அதிர்வு; காதுக்கு நன்றாகக் கேட்கும் முரல் ஒலி. ரெனால்ட்ஸ் எண் சில நூறுகளைத் தாண்டும்போது இந்த ஒழுங்கான சுழல்கள் தமக்குள்ளேயே முறுக்கிச் சிதைந்து, சிறு சிறு சுழல்களாக உடைந்து, உண்மையான கொந்தளிப்பாகின்றன. ஆனால் சிதைவுக்கு நடுவிலும் அந்தப் பெரிய ஆட்டத்தின் தாளம் அழிவதில்லை.

வடிவம் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. எதிரே வரும் ஓட்டத்தின் குணமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்பதை ஒரு தகராறு வெளிக்கொண்டுவந்தது. பாரிஸில் கோபுரம் எழுப்பிய குஸ்தாவ் ஐஃபெல் முதிய வயதில் காற்றியல் ஆய்வில் இறங்கி, பொருள்மீது காற்றை வீசச் செய்து சோதிக்கும் தம் காற்றுச் சுரங்கத்தில் கோளங்களின் இழுவிசையை அளந்தார். அவருக்குக் கிடைத்த மதிப்பு கோட்டிங்கனில் கிடைத்ததில் பாதிக்கும் குறைவாக இருந்தது. கணக்கில் இரண்டால் பெருக்க மறந்துவிட்டார் என்று கோட்டிங்கன் தரப்பில் கருதினார்கள். அப்போது எண்பது வயதான ஐஃபெல், 1912-இல் வெவ்வேறு வேகங்களில் மீண்டும் அளந்து, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குமேல் கோளத்தின் இழுவிசைக் கெழு சடாரென்று வீழ்வதைக் காட்டினார். இரு தரப்பும் சரியாகவே அளந்திருந்தன. அளந்த நிலைமைகள்தான் வேறு.

வேகம் கூடும்போது கெழு ஏன் விழ வேண்டும்? 1914-இல் பிராண்டல் கோளத்தின் முன்பாதியில் ஒரு மெல்லிய கம்பி வளையத்தைச் சுற்றிக் காட்டினார். மழமழப்பான கோளத்துக்கு ஒரு தடங்கலைச் சேர்த்தால் இழுவிசை கூடும் என்றே எவரும் நினைப்பார்கள். ஆனால் அது குறைந்தது. கம்பி எல்லை அடுக்கைக் குலைத்துக் கொந்தளிப்புள்ளதாக ஆக்கியது, குலைந்த அடுக்கு வெளியே விரைந்தோடும் நீரையும் காற்றையும் உள்ளே இழுத்துக் கலந்துகொள்வதால் அதற்குப் புது வேகம் கிடைத்தது, அந்த வேகத்தோடு பின்புற மேட்டில் இன்னும் கொஞ்ச தூரம் ஏறிப் போய்த்தான் அது பெயர்ந்தது, பின்தடம் ஒடுங்கியது. வட்ட உருளையில் முன்முனையிலிருந்து சுமார் 80 பாகையில் நடக்கும் பெயர்தல், இந்த மாற்றத்துக்குப் பிறகு 120 பாகையை ஒட்டி நகர்கிறது, கெழு 1.2-இலிருந்து 0.3 அளவுக்கு இறங்குகிறது. மேற்பரப்பில் சிறு கொந்தளிப்பை எழுப்பி, முதுகில் பெருங்கொந்தளிப்பைக் குறைக்கும் இந்த வித்தையையே கோல்ஃப் பந்தின் குழிகள் செய்கின்றன. கிரிக்கெட் பந்தின் தையல் ஒரு பக்கத்தில் மட்டும் இதைச் செய்வதால் பந்து பக்கவாட்டில் வளைகிறது. எதிரே வரும் ஓட்டமே ஏற்கெனவே கலங்கியிருந்தால் கம்பியும் தையலும் இல்லாமலே இந்த மாற்றம் முன்கூட்டி வந்துவிடும். சுரங்கத்துக்குச் சுரங்கம் அளவு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆற்றுத் தூண்களைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. இரண்டு மீட்டர் தூணை நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் கடக்கும் வெள்ளத்தின் ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 40 லட்சம், அந்த வெள்ளமோ வரும்போதே கலங்கியது.

ஆகவே கொந்தளிப்பைக் குறைப்பதுதான் எப்போதும் நோக்கம் என்றும் கொள்ள முடியாது. உயரமான இரும்புப் புகைபோக்கிகளின் உச்சிப் பகுதியில் திருகுபோலச் சுற்றிய தகடுகளைப் பலர் பார்த்திருப்பார்கள். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு உயரமுள்ள மூன்று தகடுகள், விட்டத்தைப் போல் ஐந்து மடங்குக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் ஏறுகின்றன. அவை இழுவிசையை உண்மையில் கூட்டவே செய்கின்றன. ஆனால் ஓட்டம் பெயரும் இடம் உயரத்துக்கு உயரம் மாறிவிடுவதால், புகைபோக்கியின் முழு நீளமும் ஒரே தாளத்தில் சுழல்களைக் கழற்றுவது நின்றுபோகிறது. கட்டுமானத்தைக் குலைப்பது ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் தள்ளல்தான். ஒழுங்கற்ற கொந்தளிப்பு அவ்வளவு கெட்டதில்லை. 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவில் இடிந்த டகோமா பாலத்தை இதற்குச் சான்றாகப் பாடநூல்கள் காட்டுவதுண்டு. அது முழுச் சரியில்லை. மணிக்கு சுமார் 68 கிலோமீட்டர் காற்றில், அதன் 2.4 மீட்டர் உயரப் பக்கத் தகடுகளிலிருந்து சுழல்கள் நொடிக்கு ஒன்று என்ற அளவில் கழன்றிருக்க வேண்டும். பாலம் முறுக்கியதோ ஐந்து நொடிக்கு ஒருமுறை. பாலத்தின் முறுக்கமே காற்றின் ஓட்டத்தை மாற்றி, மாறிய ஓட்டம் முறுக்கத்தை மேலும் வளர்த்தது. ஆனாலும் குற்றம் வடிவத்தினுடையதே. காற்று புகாத அந்தத் தகடுகளுக்குப் பதிலாக, 1950-இல் கட்டிய மாற்றுப் பாலத்தில் காற்று ஊடுருவிப் போகும் திறந்த சட்டகத்தை வைத்தார்கள்.

ஊடுருவ விடுவது என்ற இந்த யோசனை நம் கடற்கரை மக்களுக்குப் புதிதல்ல. மதிற்சுவரைத் தாண்டும் காற்று அதன் பின்னாலேயே கீழே சுருண்டு மணலை வாரியடிக்கும். சவுக்குத் தோப்பும் தட்டி வேலியும் காற்றின் ஒரு பகுதியைத் தமக்குள்ளே கசிய விடுவதால் பின்னால் சுழல் கூடுவதில்லை, காற்று அடங்கிய பகுதியும் நெடுந்தொலைவு நீள்கிறது. பாதிக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி உள்ள வேலி, முழுச் சுவரைவிட நன்றாகக் காக்கிறது.

இனிக் காலடிக்கு வரலாம். இதுவரை சொன்னதில் தூண் மேலிருந்து கீழ்வரை ஒரே வேகமுள்ள ஓட்டத்தில் நிற்பதாகக் கொண்டோம். ஆற்றில் அப்படி இல்லை. மேற்பரப்புக்கு அருகே வேகம் அதிகம், படுகையை ஒட்டி மிகக் குறைவு. முன்முகத்தில் நின்று அழுத்தமாக மாறும் ஆற்றல் வேகத்தின் இருபடியைப் பொறுத்தது என்பதால், தூணின் முன்னால் மேலே தள்ளல் அதிகமாகவும் கீழே குறைவாகவும் இருக்கிறது. அந்த வேறுபாட்டால் நீர் தூணின் முகத்தை ஒட்டிச் செங்குத்தாகக் கீழே பாய்கிறது. குழாயிலிருந்து மணலில் விழும் தாரையைப் போல அது படுகையைத் தோண்டி, எதிர்ப்புறமாகச் சுருண்டு, தூணின் இரு பக்கமும் குதிரை லாடம் போல வளைந்து போகிறது. தோண்டிய மணலை இந்த லாடச் சுழல் பின்னுக்குத் தள்ள, முதுகில் எழும் சுழல்கள் அதை அள்ளிக்கொண்டு போகின்றன. மணற்படுகையில் வட்டத் தூணின் முன்னால் இப்படி உண்டாகும் குழி, தூணின் விட்டத்தைப் போல் ஏறக்குறைய 2.4 மடங்கு ஆழம்வரை போகலாம் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் மேல்வரம்பு. இரண்டு மீட்டர் தூணுக்கு அது ஏறத்தாழ ஐந்து மீட்டர்.

முதுகே பெரிது என்று மேலே சொன்னது இங்கே தலைகீழாகிறது. காலடிக் கொந்தளிப்பை ஆள்வது முகத்தின் அகலமும் வடிவமும்தான். கூரிய முகம் கீழ்நோக்கிய பாய்ச்சலைப் பலவீனப்படுத்துகிறது; தட்டை முகம் வலுப்படுத்துகிறது. ஆனால் எவ்வளவு என்பதைப் பார்க்கும்போது எதிர்பார்ப்பு தணிந்துவிடும். 1987 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் அடிவாரம் அரிக்கப்பட்டு இடிந்து பத்துப் பேர் இறந்தபின், அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை வெளியிட்டுப் பரவலாக்கிய கையேட்டின்படி, வட்ட முகத்துக்கு அரிப்புக் கெழு 1 என்றால் சதுர முகத்துக்கு 1.1, கூர்முகத்துக்கு 0.9. வடிவத்தால் கிடைப்பது மேலும் கீழும் பத்து விழுக்காடு மட்டுமே. அதே கையேட்டில் நீர் வரும் கோணத்துக்கான கெழுவைப் பார்த்தால், அகலத்தைப் போல் நான்கு மடங்கு நீளமுள்ள தூணை நீர் 30 பாகை சாய்வாகத் தாக்கினால் அரிப்பு இரண்டு மடங்காகிறது. பன்னிரண்டு மடங்கு நீளமுள்ள தூணில் அது 3.5 மடங்கு. கூர்முகத்தைச் செதுக்கிப் பெற்ற பத்து விழுக்காட்டை, ஆறு சற்றே திசை மாறினாலும் பன்மடங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மணல் ஆறுகளில் ஓட்டம் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். அங்கே எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஒரே முகத்தைக் காட்டும் வட்டத் தூணே பாதுகாப்பானது என்று நான் கருதுவது இதனால்தான். வெள்ளத்தில் மிதந்து வரும் மரங்களும் ஆகாயத்தாமரையும் தூணில் சிக்கிக்கொண்டால், வரைபடத்தில் இருந்த வடிவத்துக்குப் பொருளே இல்லாமல் போய், தூண் அந்த நேரத்துக்கு அகலமான ஒரு சுவராகிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் பாலங்களுக்கான நெறிமுறை, பொறியாளர் ஜெரால்டு லேசி 1930-ஐ ஒட்டி வகுத்த கால்வாய்க் கணக்கிலிருந்து வந்தது. ஒரு மீட்டர் அகலத்துக்கு ஓடும் வெள்ளத்தின் அளவையும் படுகை மணலின் பருமனையும் கொண்டு சராசரி அரிப்பு ஆழத்தைக் கணித்து, தூண் நிற்கும் இடத்துக்கு அதை இரண்டு மடங்காக எடுத்துக்கொள்கிறார்கள். இந்தச் சூத்திரத்தில் தூணின் அகலமோ வடிவமோ நீர் தாக்கும் கோணமோ வருவதில்லை. வடஇந்தியாவின் அகன்ற வண்டல் ஆறுகளின் அனுபவம் அதற்குப் பின்னால் இருக்கிறது, பல பாலங்களை அது காத்தும் இருக்கிறது. ஆயினும் மெல்லிய வட்டத் தூணுக்கும் சாய்ந்து நிற்கும் நீண்ட சுவர்த் தூணுக்கும் ஒரே ஆழத்தைச் சொல்லும் கணக்கு, மேலே விவரித்த லாடச் சுழலைக் காணாத கணக்குதான்.

இந்தக் குழியைப் பார்த்து எச்சரிக்கை அடைவதும் எளிதாக இல்லை. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது அது ஆழமாகிறது. வடியும்போது வேகம் குறைந்த நீர், சுமந்துவந்த மணலை அதே குழியில் இறக்கிவிடுகிறது. கோடையில் தூணைச் சுற்றிச் சமமாகக் கிடக்கும் மணலில் எது பழைய படுகை, எது சென்ற வெள்ளம் நிரப்பிய தளர்மணல் என்பதைக் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் சில நாடுகளில் தூணை ஒட்டி ஆழமாக ஒரு குழாயை இறக்கி, அதன்மீது காந்தம் பொருத்திய வளையம் ஒன்றை மாட்டிப் படுகையில் உட்கார வைக்கிறார்கள். மணல் அரிக்கப்பட அரிக்கப்பட வளையமும் சறுக்கி இறங்குகிறது. வெள்ளம் வடிந்து குழி மூடிக்கொண்ட பிறகும் அது மேலே வருவதில்லை. ஆறு அந்தத் தூணின் காலடியில் எவ்வளவு ஆழம்வரை போய் வந்தது என்பதைக் காட்டிக்கொண்டு மணலுக்கடியில் அங்கேயே கிடக்கிறது.